அடிப்பக்கம் இழைக்காத மேசை

ஜூன் 3, சனி

மகள் வடிவின் சீர் சாமான் எல்லாம் தூத்துக்குடியில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து திரும்பி வந்து சேர்ந்துவிட்டது. அங்கே இரண்டு தரப்பிலும் இரண்டிரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். வடிவு கல்யாணத்துக்கு நான் கைப்பட எழுதிய பட்டியலை நானே வாசித்தேன். மாப்பிள்ளையின் பெரியப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். குத்துவிளக்கு இரண்டு, பித்தளை அண்டா, எவர்சில்வர் குடம் மூன்று, மர பீரோ, தேக்குக் கட்டில். அண்டாவை நான் கொண்டுபோயிருந்த வில் தராசில் தூக்கிப் பார்த்தேன். கல்யாணத்தன்று பதினொன்றே கால் கிலோ. இன்றும் அதேதான். முப்பத்து நான்கு வருஷம் முத்திரை ஆய்வாளராகக் கடை கடையாக ஏறித் தராசும் படிக்கல்லும் சோதித்தவன் நான். எதையும் நிறுத்துப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லை.

மாப்பிள்ளை வெளியே வரவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு மினி லாரி வந்து நின்றதும் தெருவில் எல்லோருக்கும் வாசலில் ஏதோ வேலை வந்துவிட்டது. மனைவி கோமதி கேட்டாள்: "எல்லாம் சரியா இருந்துச்சா?"

"ஒரு கரண்டி கொறையல."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். வடிவு அறையை விட்டு வரவில்லை.

ஜூன் 5, திங்கள்

கட்டிலைப் பிரித்துக் கார் ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறேன். கார் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு அது என் மரவேலைக் கூடம். போனில் வீடியோ பார்த்து, ஒரு வருஷமாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். இதுவரை என் சாதனை: ஒரு செருப்பு ஸ்டாண்டு, ஒரு ஸ்டூல். ஸ்டூலின் நாலாவது காலுக்கடியில் மடித்த அட்டை இருக்கிறது.

கோமதி காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அதை வித்துருங்க. போகயில வரயில கண்ணுல படுது."

"நயம் தேக்கு, கோமதி."

"தேக்குன்னா தலையில தூக்கி வச்சுக்கிடுவீகளோ? அவ படுத்து எந்திரிச்சது அது. அவ கண்ணுல படாண்டாம்."

யோசித்துப் பார்த்தேன். கட்டிலாகத்தானே கண்ணில் படக் கூடாது? சோபாவின் இரண்டு ஓரத்திலும் வைக்க இரண்டு சின்ன மேசைகள் செய்துவிடலாம். மரமும் வீணாகாது, கட்டிலும் இருக்காது. சோபாக் கையின் உயரம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். மேசை அதற்கு ஒரு விரற்கடை தாழ்வாக இருக்க வேண்டுமாம்.

ஜூன் 9, வெள்ளி

தலைமாட்டுப் பலகையின் பூவேலைப்பாட்டை அறுத்து எடுத்தேன். ஆணிகளைப் பிடுங்கவே ஒரு பொழுது போயிற்று.

சட்டத்தின் மறுமுனையைப் பிடிக்க வடிவைக் கூப்பிட்டேன். நடையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. பத்தடி தூரம்தான். பிடிவாதம் என் அம்மாவிடமிருந்து வந்தது. நானே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து அறுத்துக்கொண்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

மேசையின் மேல்பலகைக்கு அகலமான மரம் வேண்டும். கட்டிலின் பக்கச் சட்டங்கள்தான் தோது. சுவரை ஒட்டிக் கிடந்த சட்டத்தை எடுத்தேன். வெளிமுகத்தில் பாலிஷ் கெட்டியாக இருக்கிறது. உள்முகம் பாலிஷ் போடாத வெறும் மரம். அதை இழைப்பது சுலபம் என்பதால் அதையே மேல்பக்கமாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

அந்த உள்முகத்தில், நடுப்பகுதியில், பென்சிலால் எழுதிய எண்கள் இருந்தன. 14-8, 3-11, 30-5 என்று வரிசையாக ஏழு. கட்டில் செய்தவர் அடி, அங்குலக் கணக்கைக் குறித்துவைத்திருக்கிறார் போலிருக்கிறது. மீட்டர் வந்து எத்தனை காலம் ஆயிற்று, தச்சர்கள் மட்டும் அடியை விடமாட்டேன் என்கிறார்கள். முப்பதடி ஐந்தங்குலம் ஒரு கட்டிலில் எங்கிருந்து வந்தது? வேறு யார் வீட்டு உத்தரத்தின் கணக்கோ.

சட்டத்தை அளந்து இரண்டு துண்டாக அறுத்தேன். நாலு எண்கள் ஒரு துண்டில், மூன்று எண்கள் இன்னொன்றில்.

ஜூன் 17, சனி

இழைப்புளி இன்று சொன்னபடி கேட்டது. அலகைத் தீட்டத் தெரியாமல்தான் இத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நாலு எண் இருந்த துண்டை எடுத்து வைத்து ஒரே சீராகத் தள்ளினேன். சீவல் சுருள் சுருளாக வந்தது. மூன்றாவது தள்ளலில் எண்களெல்லாம் போய்விட்டன. உள்ளே மரம் தேன் நிறத்தில் இருக்கிறது. கன்னத்தை வைத்துப் பார்க்கலாம் போலிருந்தது. வைத்தும் பார்த்தேன்.

வாழ்க்கையில் எனக்கு எதுவும் இவ்வளவு லேசாக வந்ததில்லை. ரொம்ப சந்தோஷமாக இருந்தது என்று எழுதிவைக்கிறேன்.

ஜூன் 18, ஞாயிறு

காலில் துளை போட்டு, சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி சீவி உள்ளே இறக்கினேன். எட்டில் ஆறு சரியாக உட்கார்ந்தன. மற்ற இரண்டுக்கும் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பினேன்.

வடிவு சோபாவின் இடது ஓரத்தில் மட்டுமே உட்காருகிறாள். வேறு இடம் காலியாக இருந்தாலும் அங்கேதான். பேசுகிறவர்களெல்லாம் அவளுக்கு வலப்பக்கமாக வந்துவிடுகிறார்கள். முதலில் முடிகிற மேசையை அந்த ஓரத்தில் போட வேண்டும்.

ஜூன் 25, ஞாயிறு

மேல்பலகையை ஒட்டிக் கிளாம்ப் போட்டிருக்கிறேன். நாளை வரை தொடக் கூடாது. தொட்டுப் பார்த்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

ஆனித் தேர். கோமதி மட்டும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு நெல்லைக்குப் போய் வந்தாள். "யாரும் எதுவும் கேக்கல" என்றாள். கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. கோமதிக்குப் பிரஷர் உண்டு. அதனால் நானும் மேலே கிளறவில்லை. அவளிடம் எந்தக் கவலையையும் கொண்டுபோவதில்லை என்பது என் வழக்கம்.

ஜூலை 8, சனி

முதல் மேசை முடிந்தது. உப்புத்தாள் மூன்று ரகம் போட்டு, பாலிஷ் இரண்டு கை பூசி, வீட்டுக்குள் கொண்டுவந்து இடது ஓரத்தில் வைத்தேன். நாலு காலும் தரையில் நிற்கிறது. அட்டை தேவைப்படவில்லை.

வடிவு பார்த்தாள். "இது எங்க உள்ள மரம்?"

"கடையில வாங்கினது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் அதன்மேல் எதையும் வைக்கவில்லை.

ஜூலை 12, புதன்

வக்கீல் ஜெசிந்தா வீட்டுக்கே வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், சுருக்கமாகப் பேசுகிறவர். வடிவு போட்ட விவாகரத்து மனுவுக்கு எதிர்த்தரப்பு பதில் மனு போட்டிருக்கிறதாம். வடிவு அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் ஒருநாளும் ஒரு புகாரும் சொன்னதில்லை, பெற்ற தாய் தகப்பனிடம்கூட வாய் திறந்ததில்லை, இப்போது சொல்வதெல்லாம் பின்னால் கட்டிய கதை என்று எழுதியிருக்கிறார்கள்.

"நடந்தப்பவே எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா, வடிவு? மெசேஜ், லெட்டர், எதுனாலும் சரி."

"போனை அவர் எடுத்துப் பாத்து அழிச்சிருவார் மேடம்" என்றாள் வடிவு. "கட்டில்ல எழுதியிருக்கேன்."

"கட்டில்லயா?"

"செவுத்துப் பக்கத்துச் சட்டத்துல, மெத்தைக்குக் கீழ. வெறும் தேதி மட்டும்தான். ஏழு தேதி. கட்டில் ஷெட்டுலதான் கெடக்கு. வாங்க, காட்டுதேன்."

எழுந்து நடந்தார்கள். நான் பின்னால் போனேன். ஷெட்டில் கட்டில் இல்லை. நாலு கால்களும், அறுத்த துண்டுகளும், மூலையில் சீவல் குவியலும் இருந்தன. வடிவு அவற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டுக்குள் திரும்பி, இடது ஓரத்து மேசையின் முன்னால் போய் நின்றாள். மேல்பலகையைக் கையால் ஒரு தடவை தடவினாள்.

"நல்லா வழுவழுன்னு இருக்குப்பா" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை.

மூன்று எண் உள்ள துண்டு இழைக்காமல் கிடக்கிறது என்று ஓடிப்போய் எடுத்து வந்தேன். வக்கீல் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். "தானே எழுதினதுன்னு அவங்க அடிச்சுப் பேசுவாங்க சார். இது மட்டும் போதாது. என்ன தேதிம்மா இதெல்லாம்?"

"அப்பாகிட்ட சொன்ன தேதி" என்றாள் வடிவு.

கோமதி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "சார் முப்பது வருஷமா டயரி எழுதறீங்கன்னு வடிவு சொன்னாங்க. அப்புறம் என்ன? அந்தத் தேதிகள்ல நீங்க எழுதியிருப்பீங்கல்ல, அதை எடுத்துக் குடுங்க. அந்தந்த நாள் உங்க கையால எழுதினதை யாரும் கதைன்னு சொல்ல முடியாது."

பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 13, வியாழன்

வடிவு ஏழு தேதிகளையும் மனப்பாடமாகச் சொல்லிக் கோமதி ஒரு காகிதத்தில் குறித்து மேசைமேல் வைத்திருக்கிறாள். பழைய டயரிகளை எடுத்தேன். உள்ளது உள்ளபடி இங்கே பெயர்த்து எழுதுகிறேன்.

14-8-2021: காலை நடை. தேங்காய் 62. வடிவு போன். நலம்.

3-11-2021: தலை தீபாவளிக்கு வடிவு, மாப்பிள்ளை வந்தனர். நலம்.

30-5-2022: நாளை பணி நிறைவு விழா. சாமியானா சொல்லியாயிற்று. வடிவு போன். நலம்.

9-7-2022: வடிவு போன். நலம். இழைப்புளி வாங்கினேன்.

மற்ற மூன்றும் இப்படித்தான். கடைசியாக 8-1-2023: வடிவு போன். நலம். பொங்கலுக்குக் கரும்பு சொல்ல வேண்டும்.

ஏழு நாளும் நலம்.

ஜூலை 15, சனி

அதே பேனாதான் இன்னும் வைத்திருக்கிறேன். அதே நீல மை. 30-5 அன்று "வடிவு போன். நலம்." என்பதற்குப் பின் அரை வரி காலியாக இருக்கிறது. ஒரு வாக்கியம் தாராளமாகப் பிடிக்கும். நலம் என்பதை நலமில்லை என்றுகூடத் திருத்தலாம். பேனாவில் மை நிரப்பினேன். தனித் தாளில் எழுதிப் பார்த்தேன். மையின் நிறம் ஒத்துப்போகிறது.

படிக்கல்லின் அடியில் ஈயத்தைச் சுரண்டிவிட்டு, மேலே முத்திரை பத்திரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்ட எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். கல்லைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்றும் தெரியும்.

பேனாவை மூடிவிட்டேன்.

வக்கீல் போன் செய்தார். டயரிகளைக் கறையான் அரித்துவிட்டது என்று சொன்னேன்.

ஜூலை 16, ஞாயிறு

கோமதி காலையில் பீரோவைத் திறந்து, முப்பது வருஷ டயரிகளையும் தூசி தட்டிக் கொண்டுவந்து என் முன்னால் அடுக்கினாள்.

"கறையான் எங்க இருக்கு? காட்டுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கையில் தேதிக் காகிதத்தோடு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தாள். அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பவள். ஏழையும் முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"ஏழு தடவ சொல்லியிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

"உனக்குப் பிரஷர்னு..."

"எனக்குப் பிரஷர். சரி. அவளுக்கு?"

நான் டயரிகளை மறுபடி அடுக்கினேன்.

"மாப்பிள்ள மாப்பிள்ளன்னு இன்னும் வாய் நெறையச் சொல்லிட்டுத் திரியுதீக. அந்தக் காது கேக்காமப் போன பிள்ளய நான் ஆறு மாசமா காதுல எண்ணெய் விட்டுக் குளிப்பாட்டுதேன், அழுக்குன்னு நெனச்சு. அடிச்சதுன்னு நேத்துத்தான் அவ சொன்னா."

வடிவுக்கு இடது காது கேட்பதில்லை. அது எனக்குத் தெரியும். இதை இப்போதுதான் எழுதுகிறேன். 14-8 அன்று போனில் அவள் சொன்னதே அதுதான்.

ஜூலை 22, சனி

இந்த ஒரு வாரத்தில் ஷெட்டுப் பக்கம் போகவில்லை.

இன்று வடிவிடம் டயரிகளைக் கொடுத்தேன். சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தேன். இத்தனை நாளும் தானாக நடந்துகொண்டிருந்த விஷயம், இன்று தெரிந்து செய்தேன்.

அவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள். "நலம்னா எழுதியிருக்கீக?"

"ஆமா."

இரண்டாவதைப் பார்த்தாள். "நலம்னா?"

எல்லாவற்றையும் அவள் பார்க்கவில்லை. மூன்றாவதோடு மூடிவிட்டாள்.

"நீங்க தெனமும் எழுதுவீகல்லா. சின்னப் பிள்ளயிலேருந்து பாக்கேன். எழுதி வச்சா அது நெசமா ஆயிரும்னு நெனப்பேன். அங்க இருக்கையில எனக்கே சந்தேகம் வந்துரும்ப்பா, நெசமாவே நடந்துச்சா, நாமளா நெனைக்கமான்னு. அதான் மெத்தையத் தூக்கித் தேதி போட்டேன். விவரம் எழுதல. விவரத்த அப்பா டயரியில எழுதியிருப்பாகன்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 24, திங்கள்

வக்கீல் அலுவலகத்தில் மூன்று பேரும். கறையான் கதையை நானே சொன்னேன். ஜெசிந்தா டயரிகளைப் புரட்டி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ரெண்டு பக்கமும் வெட்டும் சார். தேதி ஒத்துப்போகுது, போன் வந்தது உண்மைன்னு ஆகுது. ஆனா நலம்னு போட்டிருக்கீங்க. அவங்க உங்களைப் பிச்சு எடுத்துருவாங்க. டயரியே இல்லைன்னு விட்டுரலாம். நீங்க கூண்டுல ஏறி, மகள் சொன்னா, நான் கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க. பொய்யும் இல்ல. உங்க மரியாதையும் போகாது."

எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்வதானால், ரொம்பவே பிடித்திருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

வடிவு குறுக்கே சொன்னாள்: "இல்ல மேடம், டயரிய வைங்க. நலம்னு ஏன் எழுதுனீகன்னு அவங்க கேக்கட்டும். அப்பா பதில் சொல்லட்டும். எனக்கு அந்தப் பதில் வேணும்."

கேஸ் ஜெயிப்பதை விடவுமா என்று வக்கீல் கேட்டார். வடிவு யோசித்துவிட்டு, "அதுவும் வேணும், இதுவும் வேணும்" என்றாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

மரவேலை இல்லை. இழைப்புளியில் துரு ஏறாமல் இருக்க எண்ணெய் தடவி வைத்தேன். வாய்தா தள்ளிப்போயிருக்கிறது. வடிவு தேவைக்குப் பேசுகிறாள்.

நவம்பர் 21, செவ்வாய்

குடும்ப நல நீதிமன்றம். காலையிலிருந்து மழை. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

எத்தனையோ தடவை நான் கூண்டு ஏறியிருக்கிறேன், துறை சார்பாக, படிக்கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு. அப்போதெல்லாம் என் குரல் கணீரென்று இருக்கும். இன்று தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் டயரியைத் தூக்கிப் பிடித்தார். "இது உங்க கையெழுத்துதானே? நலம்னு ஏழு இடத்துல எழுதியிருக்கீங்க. இது உண்மையா, பொய்யா?"

"பொய்."

"அப்போ பொய் எழுதுற பழக்கம் உங்களுக்கு உண்டு. இப்ப சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?"

"அன்னைக்குப் பொய் எழுதினதுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்லங்க. இன்னைக்கு நெசத்தச் சொல்றதுலதான் என் மானம் போகுது. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்."

நீதிபதி அம்மா நிமிர்ந்து பார்த்தார். "மகள் என்ன சொன்னாங்க, நீங்க என்ன சொன்னீங்க, தேதிவாரியாச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். 14-8: இடது காதில் அடித்ததாகவும் உள்ளே விசில் சத்தம் நிற்கவே இல்லை என்றும் சொன்னாள். புதுசில் அப்படித்தான், பொறுத்துப் போ என்றேன். 3-11: தலை தீபாவளிக்கு வந்தவள் பின்கட்டில் வைத்து, திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது என்றாள். நல்ல நாளும் அதுவுமாக அழாதே, அவர் காதில் விழப்போகிறது என்றேன். 30-5: அப்பா, என்னை வந்து கூட்டிட்டுப் போங்க என்றாள். அதே வார்த்தை. நாளைக்கு என் பணி நிறைவு விழா, நாலு பேர் வருவார்கள், மாப்பிள்ளையோடு சிரித்த முகமாக வந்து நில், மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். வந்தாள். சிரித்தாள். அவன்தான் எனக்கு மாலை போட்டான். பிறகு நான் பேசவில்லை.

மீதி நாலையும் சொன்னேன். பொங்கல் சீர் கொண்டுவரும்போது பேசுகிறேன் என்று நான் சொன்ன மூன்றாவது நாள், அவள் ஒரு பையோடு தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள். நான் போய்க் கூட்டிவரவில்லை. அதையும் சொன்னேன்.

"ஏன் நலம்னு எழுதுனீங்க?" என்று கேட்டது எதிர்த்தரப்பு வக்கீல். அதுவரை வந்த கேள்விகளில் அதற்குத்தான் என்னிடம் தயாராகப் பதில் இல்லை. நாலு மாசம் யோசித்தும் இல்லை.

"இன்னொண்ணு எழுதியிருந்தா நான் போய் அவள அழைச்சுட்டு வந்திருக்கணும்" என்றேன். "போகாம இருக்கறதுக்காக எழுதினது."

வடிவு மூன்றாவது பெஞ்சில், வலது காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாய்தா ஜனவரியில். தீர்ப்பு எப்படி வரும் என்று ஜெசிந்தாவுக்கே தெரியவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

காபி குடித்துவிட்டு வடிவு கேட்டாள்: "அந்த ரெண்டாவது மேசைய ஏன் முடிக்காமப் போட்டிருக்கீக?"

"முடிக்கவாம்மா?"

"முடிங்க."

மூன்று தேதியுள்ள துண்டை இந்தத் தடவை கவிழ்த்துப் போட்டேன். தேதிப் பக்கம் அடியில். பாலிஷ் பக்கத்தை மேலே வைத்து அதைத்தான் இழைத்தேன். கெட்டிப் பாலிஷ், அலகு வழுக்கிக்கொண்டே போயிற்று. வியர்த்துவிட்டது. முன்னதைப் போல வழவழப்பாக வரவில்லை. வந்த மட்டும் போதும் என்று விட்டேன். கால்களும் சட்டங்களும் ஜூனிலேயே தயாராக இருந்தவை. இன்று சாயங்காலம்தான் மேல்பலகையை அவற்றின்மேல் ஒட்ட வேண்டும் என்றிருந்தேன். ஆனால் வடிவு மத்தியானமே ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

பலகை பெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடந்தது. அவள் எழுதிய மூன்று தேதிகளும் மேலே தெரிந்தன.

"பென்சில் இருக்கா?"

காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். மூன்றுக்கும் கீழே, நான் இழைத்துத் தள்ளிய நாலு தேதிகளையும் எழுதினாள். 9-7. 2-9. 25-10. 8-1. அழுத்தி, நிதானமாக எழுதினாள். பலகை ஆடாமல் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

எழுதி முடித்தும் பென்சிலைத் திருப்பித் தரவில்லை.

"நீங்க கூண்டுல நின்னு சொன்னது என்னைக்குப்பா? இருபத்தொண்ணா?"

"இருபத்தொண்ணு. செவ்வாய்."

21-11 என்று எட்டாவதாக எழுதினாள். அப்புறம் பென்சிலை என் காதிலேயே செருகிவிட்டுப் போனாள். வாசலில் நின்று, "இந்தப் பக்கத்துக்கு உப்புத்தாள் போடாதீக, பாலிஷும் வேண்டாம்" என்றாள்.

சரி என்றேன். வலப்பக்கமாகப் போய் நின்று, அவளுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவையும் சரி என்றேன்.